பெருந்தொற்றுக்குப் பிறகு அப்பா அம்மாவை விமானம் ஏற்றும் முன்

2022 மார்ச் 27 அன்று இந்தியாவிலிருந்து வழக்கமான சர்வதேச விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கின. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் சிறப்பு விமானம், ஆர்டிபிசிஆர் சீட்டு, தனிமை என்று கழிந்தது. இன்று அந்தக் காகிதங்கள் எதுவும் இல்லை. இந்தியாவுக்குத் திரும்புவோர் இணையத்தில் நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா படிவம் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டது. சிங்கப்பூர் 2023 பிப்ரவரியில் கடைசிக் கட்டுப்பாடுகளையும் எடுத்தது. அமெரிக்கா அதே வருடம் மே மாதம் தடுப்பூசிச் சான்று கேட்பதை விட்டது. அதனால் பிள்ளைகள் பலரும் 2019-ல் செய்ததுபோலவே டிக்கெட்டைப் போட்டு, பெட்டியைக் கட்டி அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

2019-ல் பறந்த அம்மாவுக்கு 62 வயது என்றால் இப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருக்கிறார். இடையில் ஒரு முறையோ இரண்டு முறையோ கொரோனா வந்து போயிருக்கும். சர்க்கரை கூடியிருக்கும், மூட்டு தேய்ந்திருக்கும், இரண்டு வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்ததில் நடை குறைந்திருக்கும். பாஸ்போர்ட் காலாவதியாகி பீரோவில் கிடக்கும். விமான நிலையமே மாறியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் ஏற்பாடு பெட்டியிலிருந்துதான் தொடங்குகிறது: முதலில் முறுக்கு, பொடி, ஊறுகாய், கடைசியில்தான் டாக்டர். இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதலில் உடம்பு, அப்புறம் காகிதம், பெட்டி கடைசியில்.

மூச்சு

விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல்தான் இருக்கும். ஊட்டி சுமார் 7,350 அடி, கொடைக்கானல் 7,000 அடி. ஆக, சென்னையிலிருந்து சிங்கப்பூர் போவது நாலு மணி நேரத்துக்கும் மேலாக ஊட்டியில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். லண்டன் என்றால் பத்து மணி நேரத்துக்கும் மேல். நல்ல நுரையீரல் உள்ளவருக்கே அந்த உயரத்தில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 90-93 சதவீதம் வரை இறங்கும். உட்கார்ந்தே இருப்பதால் அவருக்கு அது தெரியாது. கொரோனா நிமோனியா வந்து, தரையிலேயே 93-ல் இருப்பவருக்கு அது எண்பதுகளுக்குப் போய்விடும். தலைசுற்றல், படபடப்பு, குழப்பமான பேச்சு என்று நடுவானில் வரும் பல தொந்தரவுகளுக்கு இது ஒரு காரணம்.

வீட்டிலேயே ஒரு முதல் சோதனை செய்யலாம். 2021 இரண்டாம் அலையில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பழைய பேட்டரி கசிந்து கம்பிச்சுருளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால் அந்தக் கருவி காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், புதிது வாங்குங்கள். அம்மாவை ஐந்து நிமிடம் சும்மா உட்காரச் சொல்லுங்கள். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளட்டும். விரலில் நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ இருந்தால் அளவு தப்பாக வரும். அது இல்லாத விரலாகப் பார்த்து மாட்டுங்கள். திரையில் எண் முதலில் ஏறி இறங்கும். ஒரு நிமிடம் பொறுத்து, ஒரே இடத்தில் நின்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் இப்படிப் பாருங்கள்.

அடுத்தது நடை. 50 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடக்கவோ, ஒரு மாடிப்படி ஏறவோ முடிகிறதா, நடுவில் நிற்காமல், மூச்சு வாங்காமல்? இதுதான் விமான மருத்துவத்தில் பயன்படுத்தும் எளிய அளவுகோல். மொட்டைமாடிப் படியே இதற்குப் போதும். ஏறியதும் மறுபடி விரலில் மாட்டிப் பாருங்கள். உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிட மூன்று நாலு புள்ளி இறங்கியிருந்தால் நுரையீரல் டாக்டரைப் பார்க்காமல் டிக்கெட் போட வேண்டாம். உட்கார்ந்த நிலையில் 95-க்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. 92-க்கும் 95-க்கும் இடையில் என்றால் டாக்டர் சொல்லட்டும். 92-க்குக் கீழே என்றால் விமானத்தில் ஆக்சிஜன் தேவைப்படும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜன் தேவை என்றால் அதற்கென்று ஒரு நடைமுறை உண்டு, கடைசி நாளில் முடியாது. விமான நிறுவனத்தின் தளத்தில் மெடிஃப் என்ற மருத்துவப் படிவம் இருக்கும். அதை டாக்டர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். சமீபத்தில் மருத்துவமனையில் இருந்தவர், மாரடைப்போ அறுவைசிகிச்சையோ ஆனவர் இவர்களுக்கும் இதே படிவம்தான். சொந்த ஆக்சிஜன் சிலிண்டரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும், பேட்டரியில் ஓடும் கையடக்க கான்சென்ட்ரேட்டருக்கு அனுமதி உண்டு. ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், பயண நேரத்தின் ஒன்றரை மடங்குக்குப் பேட்டரி இருக்க வேண்டும். நாலு மணி நேரப் பயணத்துக்கு ஆறு மணி நேரப் பேட்டரி. வீட்டில் வைத்திருக்கும் பெரிய கான்சென்ட்ரேட்டர் இதற்கு ஆகாது.

தொற்றைப் பற்றிய பயம் பலருக்கு இன்னும் போகவில்லை, அது நியாயமும்கூட. ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. பறக்கும்போது கேபின் காற்று ஒரு மணி நேரத்தில் 20 முதல் 30 முறை மாறுகிறது. திரும்பச் சுற்றும் காற்று ஹெப்பா வடிகட்டி வழியாகப் போகிறது, 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். ஆபத்து கூடும் இடங்கள் இமிக்ரேஷன் வரிசை, விமானத்துக்குக் கூட்டிப்போகும் பஸ், ஏரோபிரிட்ஜ் நெரிசல், கதவை மூடிவிட்டுக் காற்றோட்டம் குறைவாக நிற்கும் அந்த அரை மணி நேரம், பிறகு இறங்கும்போது எல்லோரும் ஒன்றாக எழுந்து நிற்கும் நேரம். மாஸ்க் இந்த நேரங்களுக்குத்தான் அவசியம். சாப்பிடும்போது பக்கத்து இருக்கைக்காரர் சாப்பிட்டு மூடிய பிறகு அம்மா சாப்பிட்டால் போதும். தலைக்கு மேல் இருக்கும் காற்றுத் துளையைக் குளிர்கிறது என்று முழுக்க மூடிவிட வேண்டாம்; பாதி திறந்து, முகத்தில் படாமல் மடியில் விழும்படி திருப்பிக்கொள்ளட்டும். ஃப்ளூ ஊசியை இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள், உடம்பில் வேலை செய்ய அவ்வளவு நாள் ஆகும். காய்ச்சலோடு ஏற்றாதீர்கள். தேதி மாற்றக் கூடிய டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது வயதானவர்களைப் பொறுத்தவரை வீண் செலவே அல்ல.

நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே இருந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். இதற்கு முழங்காலுக்குக் கீழ் வரும் அழுத்தக் காலுறை உண்டு. எவ்வளவு அழுத்தம் என்பது 15 முதல் 30 எம்எம்எச்ஜி என்று அட்டையில் போட்டிருக்கும். அளவு எடுக்க வேண்டியது காலையில், கால் வீங்குவதற்கு முன். கணுக்காலின் ஒடுங்கிய இடம், கெண்டைக்காலின் தடித்த இடம் இரண்டையும் டேப்பால் அளந்து கடையில் சொல்லுங்கள். மேல்விளிம்பைச் சுருட்டிவிட்டால் அது கயிறு கட்டியதுபோல் இறுக்கி ரத்தத்தையே தடுக்கும். சர்க்கரையால் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கட்டும் என்று ஆஸ்பிரினை நாமாகக் கொடுப்பதும் வேண்டாம்.

கழிவறைக்கு அடிக்கடி எழ வேண்டுமே என்ற கூச்சத்தில் நம் அம்மாக்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். கேபின் காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். தண்ணீர் குறைந்தால் ரத்தம் கெட்டியாகும், தலைவலிக்கும், மலச்சிக்கலும் வரும். எனவே நடைபாதை ஓர இருக்கையைக் காசு கொடுத்தாவது வாங்குங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் பக்கத்தில் இருவரை எழுப்ப மனம் வராமல் எட்டு மணி நேரம் அசையாமலே இருப்பார்.

மருந்துப் பை

எல்லா மருந்தும் கைப்பையில். செக்-இன் பெட்டி ஒரு நாள் தாமதமாக வருவது சாதாரணம். இன்சுலினுக்கு இன்னொரு காரணமும் உண்டு: பெட்டிகள் வைக்கும் அடிப்பகுதியில் குளிர் அதிகமாகி அது உறையலாம். உறைந்து இளகிய இன்சுலின் பார்க்க நன்றாகவே தெரியலாம், ஆனால் அதை நம்ப முடியாது. கைப்பையிலும் ஐஸ் ஜெல் பையோடு நேராக ஒட்டி வைக்காமல் ஒரு துண்டில் சுற்றி வையுங்கள். இப்போது பயன்பாட்டில் இருக்கும் பேனாவுக்குக் குளிர்ச்சியே தேவையில்லை. பெரும்பாலான வகை 28 நாள் வரை அறை வெப்பத்தில் தாங்கும். மேற்கே போகும்போது நாள் நீள்கிறது, கிழக்கே போகும்போது குறுகுகிறது. சென்னைக்கும் நியூயார்க்குக்கும் ஒன்பதரை மணி நேரமோ பத்தரை மணி நேரமோ வித்தியாசம். எந்த ஊசியை எந்த ஊர் நேரத்துக்குப் போடுவது என்பதை டாக்டரிடம் கேட்டு, ஒரு தாளில் இந்திய நேரத்திலேயே எழுதிக் கொடுங்கள். அம்மா கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தை ஊர் போய்ச் சேரும் வரை மாற்ற வேண்டாம்.

மாத்திரை அட்டையைக் கத்தரித்துத் துண்டு துண்டாக டப்பாவில் போட்டு அனுப்பும் பழக்கம் இருக்கிறது. காலாவதித் தேதி பெரும்பாலும் அட்டையின் ஓரத்தில் ஒரே இடத்தில்தான் அச்சாகியிருக்கும், சில அட்டைகளில் மருந்தின் பெயரும் அப்படித்தான். நடுவில் வெட்டினால் மிச்சத் துண்டுகளில் அது இருக்காது. சுங்கத்தில் அதைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது. முழு அட்டையாக, வாங்கிய பில்லோடு வையுங்கள். டாக்டர் சீட்டில் இந்தியக் கம்பெனி பெயர் மட்டும் இருந்தால் வெளிநாட்டு மருத்துவருக்குப் புரியாது. மருந்தின் மூலப் பெயரை எழுதி, சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். ஊசி, சிரிஞ்ச் இருந்தால் அதையும் அந்தச் சீட்டில் குறிப்பிட வேண்டும். தங்கும் நாட்களோடு இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், நாட்டின் வரம்பைப் பார்த்து. சிங்கப்பூரில் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரைதான்.

நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் சில மருந்துகள் வேறு நாட்டில் போதை மருந்துப் பட்டியலில் இருக்கும். அமீரகத்தில் டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்கத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலம் எல்லாம் கட்டுப்பாட்டில் உள்ளவை. கால் எரிச்சலுக்குச் சர்க்கரை நோயாளிகள் தினமும் போடும் பிரிகாபலினும் அதே பட்டியல். யாருக்குமே இது தோன்றாது, அதனால்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்நாட்டு அரசின் தளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கலாம். சிங்கப்பூரிலும் டயஸெபாம், அல்பிரசோலம் போன்றவற்றுக்கு முன் அனுமதி கேட்க வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டை இந்தியாவிலிருந்து கிளம்பும் முன்பே எடுக்க வேண்டும். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, பழைய ஸ்டென்ட் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் காலில் எலும்பு முறிந்ததற்குக்கூடப் பணம் மறுக்கலாம். ஐரோப்பிய ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கட்டாயம்.

பெயர்

வெளிநாட்டில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. காலாவதியாக ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். ஊரடங்கில் காலாவதியானதை அப்படியே விட்டவர்கள் கவனிக்க வேண்டியது: விண்ணப்பத்தில் காலாவதியாகி மூன்று வருடத்துக்குள்ளா, மூன்று வருடம் தாண்டியா என்று தனித்தனியாகக் கேட்பார்கள். தேதியைப் பார்த்துச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். வீடு மாறியிருந்தால் போலீஸ் விசாரணைக்கும் நாள் ஒதுக்குங்கள். மூன்று மாதம் முன்பு தொடங்கினால் நிம்மதி.

தமிழர்களுக்கென்றே உள்ள தலைவலி, குடும்பப் பெயர் என்ற கட்டம். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். பழைய பாஸ்போர்ட்டுகள் பலவற்றில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாகவே இருக்கும். 2022 நவம்பர் 21 முதல் அமீரகம், அப்படி ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆனாலும் செக்-இன் கவுண்டரில் நின்று இதை விளக்குவதைவிட, புதுப்பிக்கும்போதே இனிஷியலை விரித்து இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுவது நல்லது. அதற்கு ஆதாரிலும் அதேபோல் பெயர் இருக்க வேண்டும். எனவே வேலை ஆதாரில் தொடங்குகிறது.

டிக்கெட் போடும்போது பாஸ்போர்ட்டின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்து அடியுங்கள். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். மகன் ஞாபகத்தில் இருப்பது ஒன்று, பாஸ்போர்ட்டில் இருப்பது வேறொன்று. குடும்பப் பெயர் காலியாக இருந்தால் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும் நிறுவனமும் உண்டு, வேறு விதமாகப் போடச் சொல்வதும் உண்டு. பணம் கட்டும் முன் போன் செய்து கேட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு திருத்தினால் செலவு.

கொரோனா படிவங்கள் போன இடத்தில் இப்போது வருகைப் படிவங்கள் வந்திருக்கின்றன. சிங்கப்பூர், மலேசியா, 2025 மே முதல் தாய்லாந்து, மூன்றுக்கும் போய்ச் சேர மூன்று நாள் இருக்கும்போதிலிருந்து இணையத்தில் நிரப்பலாம். மூன்றுமே இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்பவை பணம் கேட்கும் போலித் தளங்கள். கார்டு எண் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை. நிரப்பியதை அச்செடுத்துக் கையில் கொடுங்கள். அப்பாவின் போனில் சார்ஜ் இருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

பெட்டியும் பயண நாளும்

கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் போடாதீர்கள். எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் என்ற வகையில் அது வருகிறது. கசகசா சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கூடவே கூடாது. சட்டத்தின் பார்வையில் அது போதைப்பொருள். வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் அது இருக்கிறதா என்று அரைத்தவரிடமே கேளுங்கள். அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை ஆகாது, ஆஸ்திரேலியாவுக்குப் பால்கோவா ஆகாது. கைப்பையில் ஊறுகாயும் நெய்யும் திரவக் கணக்கில்தான் சேரும்: 100 மில்லிக்கு மேல் பாட்டில் இருந்தால், உள்ளே பாதிதான் இருந்தாலும் எடுத்துவிடுவார்கள்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், 100 வாட்-மணி வரை. பின்பக்கத்தில் எம்ஏஎச் மட்டும் இருந்தால் அதை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்கவும். 20,000 என்றால் 74 வரும், கவலையில்லை. அச்சு தேய்ந்து எண் தெரியாததை வாங்கி வைத்துவிடுவார்கள். 2025 ஜனவரியில் தென் கொரியாவின் பூசான் விமான நிலையத்தில் நின்ற விமானம் ஒன்று, பவர் பேங்க்கிலிருந்து வந்ததாகச் சந்தேகிக்கப்படும் தீயில் எரிந்த பிறகு விதிகள் இன்னும் இறுகிவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் அதன் துணை நிறுவனமான ஸ்கூட்டிலும் 2025 ஏப்ரல் முதல், எமிரேட்ஸில் அக்டோபர் முதல், பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே முடியாது.

சென்னையில் வெளிநாட்டு விமானங்கள் இப்போது டி2 முனையத்திலிருந்து. பழைய ஞாபகத்தில் டி4 வாசலில் இறக்கிவிட்டால் அது உள்நாட்டு முனையம். திருச்சியிலும் 2024 ஜூன் முதல் புது முனையம்தான். கால் டாக்ஸிக்காரருக்குத் தெரியும், அதிகாலையில் சொந்தக் காரில் போகிறவர்தான் வழி தவறுவார்.

வீல்சேரை 48 மணி நேரம் முன்பாவது பதிவு செய்யுங்கள். மூன்று வகை உண்டு: தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார் என்பது ஒன்று; படியும் ஏற முடியாது என்பது இரண்டு; இருக்கை வரைக்கும்கூட நடக்க முடியாது என்பது மூன்று. எந்த வகை என்று தப்பாகச் சொன்னால், பஸ்ஸில் போய்ப் படி ஏறும் நாளில் அம்மா விமானத்தின் அடியில் நிற்பார். வீல்சேரில் உட்காரும் முன் கழிவறை போய்வரட்டும். இறங்கும்போது வீல்சேர் கேட்டவர்களைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள், எனவே மாற்று விமானத்துக்கு மூன்று மணி நேர இடைவெளியாவது வேண்டும். துபாய், தோஹா போன்ற இடங்களில் உதவி அறையில் உட்காரவைத்துவிட்டு ஊழியர் போய்விடுவார். "யாரும் வரலையேன்னு எழுந்து போயிடாதீங்கம்மா, அந்த நாற்காலியிலயே இருங்க, வருவாங்க" என்று வீட்டிலேயே நாலு முறை சொல்லிவையுங்கள். போய்ச் சேரும் முகவரி, மகள் போன் நம்பர், விமான எண், மருந்துகளின் பெயர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரு அட்டையில் எழுதி, பாஸ்போர்ட்டோடு கழுத்தில் மாட்டும் பையில் வையுங்கள்.

இறங்கத் தொடங்கும்போது தூங்க விட வேண்டாம். எச்சில் விழுங்கினால்தான் காதடைப்பு விடும். ஒரு வாய் தண்ணீரோ புளிப்பு மிட்டாயோ போதும்.

வீடு வந்து சேர்ந்த பிறகும் சில வாரம் கால்களைக் கவனியுங்கள். இரண்டு காலும் ஒரே அளவு வீங்கி, ராத்திரி படுத்து எழுந்ததும் வற்றினால் அது உட்கார்ந்து வந்த வீக்கம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகவும் அமுக்கினால் வலியாகவும் இருந்தால், அல்லது திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு குத்தினால், தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். எத்தனை மணி நேரம் விமானத்தில் வந்தார் என்பதை டாக்டர் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள்.